ஊருக்கு 12 நாள் குடும்பப் பயணம்: பிளாஸ்டிக், தண்ணீர், டயப்பர் விஷயத்தில் வீட்டுப் பழக்கத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பொங்கோல்_அம்மா எழுதியது:

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து 12 நாள் தமிழ்நாடு போகிறோம். ஐந்து பேர். நாங்கள் இருவர், மாமியார் (68 வயது), மகள் (8), மகன் (20 மாதம், இன்னும் டயப்பர்தான்). சென்னையில் 3 நாள் உறவினர் வீடு, ஊட்டியில் 3 நாள், மதுரையில் 4 நாள். மீதி பயணத்திலேயே போய்விடும். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

இங்கே வீட்டில் எல்லாம் ஓர் ஒழுங்கில் ஓடுகிறது. பேரங்காடிக்குத் துணிப்பை, தாபாவ் (பார்சல் சாப்பாடு) வாங்கச் சொந்த டப்பா, குடிக்கக் குழாய்த் தண்ணீர், மகனுக்குப் பகலில் துணி டயப்பர். ஆனால் ஊருக்குப் போனதும் முதல் நாளே தண்ணீர் பாட்டில் அட்டை அட்டையாக வந்து இறங்கும், அதோடு மற்ற எல்லாப் பழக்கமும் போய்விடும் என்பதுதான் பயம். குழந்தையும் பெரியவரும் இருப்பதால் தண்ணீரில் விளையாட முடியாது.

கேட்க நினைப்பவை:

1. பாட்டில் வாங்காமல் பாதுகாப்பான குடிநீருக்கு என்ன வழி? வடிகட்டி வைத்த பாட்டில் வாங்கலாமா?
2. ஊட்டியில் பிளாஸ்டிக் பிடித்தால் அபராதம் என்கிறார்கள். என்னதான் விதி?
3. துணி டயப்பரைப் பயணத்தில் சமாளிக்க முடியுமா, அல்லது 12 நாளுக்கு மறந்துவிடலாமா?
4. வேறு எதில் கவனம் வைத்தால் உண்மையிலேயே பலன் இருக்கும்? மூங்கில் கரண்டி, இரும்பு ஸ்ட்ரா என்று வாங்கிக் குவிக்க விருப்பமில்லை.

---

தூக்குச்சட்டி எழுதியது:

நான்காவது கேள்விக்கு முதலில் ஒரு வரி. பயணத்துக்கென்று புதிதாக எதையும் வாங்காதீர்கள். அடுப்படியில் இருக்கும் சில்வர் கரண்டி ஐந்தும் ஒரு கைத்துண்டும் போதும். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும், நான் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது சரியானால் உங்கள் குப்பையில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்கள் மூவருக்கும் ஆளுக்கு 2 லிட்டர், பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை லிட்டர். நாளுக்கு எட்டரை லிட்டர் என்றால் 12 நாளுக்கு ஏறத்தாழ 100 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டிலில் வாங்கினால் 100 பாட்டில், அரை லிட்டரில் வாங்கினால் 200. அதே 100 லிட்டர், 20 லிட்டர் கேனில் ஐந்தே கேன். காலிக் கேன் கடைக்கே திரும்பிப் போய் மறுபடி நிரம்பி வருகிறது. ஊரில் பாதி வீடுகள் இதில்தான் ஓடுகின்றன, எனவே இதற்காக யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தங்குமிடத்துக்கு வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே கேளுங்கள்: "ரூமுக்கு 20 லிட்டர் கேன் போட முடியுமா? இல்லையென்றால் சாப்பாட்டு அறையில் ஆர்ஓ தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா?" பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்குச் சரி என்பார்கள். கேன் வந்ததும் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, மேலே 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேனின் உட்புறம் பச்சை படிந்திருந்தாலோ வெயிலில் கிடந்த வாடை வந்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள்.

20 கிலோ கேனைச் சாய்த்து ஊற்றுவதுதான் பலருக்குச் சிக்கல். பாதி தரையில் போகும், மாமியார் தனியாக இருக்கும் நேரத்தில் நடக்கவே நடக்காது. கேன் வாயில் மாட்டி மேலே அமுக்கினால் தண்ணீர் வரும் கைப்பம்பு ஊரில் பாத்திரக் கடையிலேயே கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முதலில் வெந்நீர் ஊற்றி நாலைந்து முறை அமுக்கிக் கழுவுங்கள். ஊர் மாறும்போது குழாயைக் கழற்றி உதறிக் காயவைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் உள்ளே வழவழப்பு பிடிக்கும்.

வடிகட்டி பாட்டில்: எதை வடிகட்டும் என்று தெரிந்து வாங்குங்கள். கரி மட்டும் உள்ளது வாடையையும் குளோரின் சுவையையும் எடுக்கும், கிருமியை எடுக்காது. மெல்லிய குழல்கள் கட்டாக வைத்த 0.1 அல்லது 0.2 மைக்ரான் வகை பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும். வைரஸ் அதைவிடச் சிறியது, நழுவிவிடும். இன்னொன்று, ஊரில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கரைந்த உப்பை இந்த இரண்டு வகையும் தொடாது. நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய பாட்டிலில் அதே உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு "வேலை செய்யலையே" என்பார்கள். உங்கள் பயணத்துக்கு அது தேவையில்லை.

கேன் கிடைக்காத இடத்தில் கெட்டில். கொப்புளம் எழுந்து தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால்தான் கூடுதல் நேரம். அறையில் உள்ள கெட்டில் கொதித்ததும் தானே அணைந்துவிடும் என்பதால் மறுபடி இரண்டு முறை பொத்தானை அமுக்குங்கள். ஒரு கெட்டில் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளாது. எட்டு முறை கொதிக்க வைத்து ஆறவைப்பது ராத்திரி வேலையாகிவிடும்.

ஆறவைக்கும்போது எல்லாரும் செய்யும் தவறு, கொதிநீரை வெப்பக் குடுவையில் ஊற்றி வைப்பது. காலையிலும் நாக்கு சுடும், பிள்ளைகள் தாகத்தில் கடைக்கு ஓடுவார்கள். ஒற்றைச் சுவர் சில்வர் பாட்டிலில் ஊற்றி மூடி, கைகழுவும் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி அதில் நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் குடிக்கலாம். வெப்பக் குடுவை மாமியாருக்கு ஒன்று போதும்.

பாட்டில் எண்ணிக்கை: ஒரு லிட்டர் ஒற்றைச் சுவர் சில்வர் மூன்று, பிள்ளைகளுக்குச் சொந்த பாட்டில் இரண்டு. சாங்கியில் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான், எனவே வாயில் வரை குடித்துக்கொண்டே போய், சோதனைக்கு முன் காலி செய்து, உள்ளே போய் நிரப்புங்கள். நான்காம் முனையத்தில் சோதனை முன்னாலேயே முடிந்துவிடும், நேரம் அதிகம்.

---

ஈசூன்_ரயில் எழுதியது:

டிக்கெட் எடுக்கவில்லை என்று சொன்னீர்களே, நல்லவேளை. 200 பாட்டிலை மிச்சம் பிடித்துவிட்டு உள்நாட்டு விமானம் ஒன்றில் ஏறினால் கணக்கு எங்கோ போய்விடும். விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. பழக்கம் எல்லாம் சரிதான், ஆனால் பெரிய எண் பாதையில்தான் இருக்கிறது.

இங்கிருந்து சென்னைக்கு மட்டுமல்ல, திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நேரடி விமானம் உண்டு. எனவே சென்னையில் இறங்கி சென்னையிலேயே ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. போவது சென்னை, திரும்புவது திருச்சி என்று இரண்டு ஊர் போட்டு டிக்கெட் தேடுங்கள். சென்னை, கோவை, ஊட்டி, மதுரை, திருச்சி என்று ஒரு சுற்றாகப் போகலாம். மதுரையிலிருந்து மறுபடி சென்னைக்கு ஏறும் 460 கிலோமீட்டரில் பெரும்பகுதி மிச்சம். இடையில் கொழும்பு, கோலாலம்பூர் என்று மாறிப் போகும் மலிவு டிக்கெட்டைத் தவிருங்கள். எரிபொருள் அதிகம் குடிப்பது மேலெழும்பும்போதுதான், ஒரு நிறுத்தம் என்றால் இரண்டு முறை எழும்ப வேண்டும்.

சென்னையிலிருந்து ஊட்டிக்கு: இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கும், டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அக்டோபரிலேயே அலாரம் வைத்து எடுக்க வேண்டும். 5 வயதுக்குக் கீழ் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. மகளுக்குத் தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். ஐந்தாவது படுக்கை இல்லாமல் நான்கு போதும், ஒரு பெட்டித் தடுப்புக்குள் அடங்கிவிடுவீர்கள். மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டர், மேலேற ஐந்து மணி நேரம் பிடிக்கும். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் குன்னூர் வரை இழுப்பது எண்ணெயில் ஓடும் நீராவி இன்ஜின், கரும்புகையோடுதான் போகும். அதைப் 'பசுமைப் பயணம்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக ஏறுங்கள், அது வேறு. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு வந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், எனவே அதை நம்பி மறுநாள் திட்டத்தை இறுக்கமாகப் போடாதீர்கள்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, இணையத்தில் எடுப்பது, வெளிநாட்டிலிருந்து வருவோர் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். வாடகை வண்டி என்றால் ஓட்டுநரிடம் முந்தின நாளே கேட்டு உறுதிசெய்யுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்து அடிக்கடி உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும், அதற்கு பிளாஸ்டிக் பைக்குப் பதில் மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று கையில் இருக்கட்டும், கழுவி மறுபடி வைக்கலாம்.

ஊட்டிக்குப் பிறகு கோவை வந்து பழனி வழியாக மதுரைக்கு ரயில். மதுரையிலிருந்து திருச்சிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம்.

---

மஞ்சப்பை_தேக்கா எழுதியது:

இரண்டாவது கேள்வி. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை. கைப்பை, தண்ணீர்ப் பாக்கெட், ஸ்ட்ரா, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நடைமுறையில் கீழே பல கடைகளில் இன்னும் கிடைக்கும். நீலகிரியில் கதை வேறு. உயர் நீதிமன்றம் நேரடியாகக் கண்காணிக்கிறது, அங்கே தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்த்து எடுத்துவிடுவார்கள். நொறுக்குத்தீனி பாக்கெட்டோடு வரும் கைப்பை, காரின் கதவுப் பையில் செருகிய பாட்டில், இருக்கைக்குக் கீழே ஓட்டுநர் வாங்கி வைத்த பாட்டில் அட்டை, இவைதான் மாட்டும். மேலேறும் முன் ஓட்டுநரிடமும் சொல்லிவிடுங்கள்.

மேலே பல இடங்களில் குடிநீர் ஏடிஎம் உண்டு, நாணயம் போட்டு உங்கள் பாட்டிலில் பிடிக்கலாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இயந்திரமும் எல்லா நாளும் ஓடாது, எனவே காலையில் தங்குமிடத்தில் எல்லாப் பாட்டிலையும் நிரப்பிவிட்டே கிளம்புங்கள்.

இனி சாப்பாடு. உட்கார்ந்து சாப்பிட்டால் வாழையிலையும் சில்வர் டம்ளரும், குப்பையே இல்லை. பிரச்சினை பார்சலில்தான். நான்கு இட்லி வாங்கினால் சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு இரண்டு கவர், வெளியே ஒரு கவர். தூக்குச்சட்டி ஒன்று, கிளிப் போட்டு மூடும் சில்வர் டப்பா இரண்டு எடுத்துப் போங்கள். இரகசியம் நேரத்தில் இருக்கிறது: பில் போடும்போதே பாத்திரத்தை மேசையில் வைத்து, "சாம்பார் இதுல ஊத்துங்கண்ணே, கவர் வேணாம்" என்று சொல்லிவிட வேண்டும். நெரிசல் நேரத்தில் சாம்பாரை முன்பே கவரில் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள், சொல்லத் தாமதித்தால் அந்தக் கவரைப் பிரித்து உங்கள் பாத்திரத்தில் ஊற்றித் தருவார்கள். கவரும் போச்சு, பெருமையும் போச்சு.

கொதிக்கும் சாம்பாரை முக்கால் பாத்திரத்துக்கு மேல் ஊற்றவிடாதீர்கள். மூடியை உடனே இறுக்கினால் ஆவி ஆறி உள்ளே இழுத்துக்கொள்ளும், அறைக்குப் போய்த் திறக்க முடியாது. இரண்டு நிமிடம் விட்டு மூடுங்கள். அப்படியே ஒட்டிக்கொண்டால் மூடியில் சூடான தண்ணீர் ஊற்றினால் விடும்.

இளநீருக்கு ஸ்ட்ரா வேண்டாம் என்றால் வெட்டுபவரே வாயகலமாகச் சீவித் தருவார். குழந்தைக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். சில்வர் ஸ்ட்ராவை ஓடும் வண்டியில் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது, ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் அண்ணத்தைக் குத்தும். பாட்டிலில் இளநீர் பிடித்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள், வெயிலில் சில மணி நேரத்தில் புளித்து மூடியைத் தள்ளும்.

துணிப்பைகள் நான்கு மடித்து வையுங்கள். மறந்தால் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் உண்டு, 2022ல் வைத்தது. மகளையே போடச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களுக்குச் சாக்லெட் வாங்குவீர்கள்தானே? பொடிப் பொடியாக உறை போட்ட பெரிய பொட்டலத்தைவிட, ஆளுக்கொரு கோடாரித் தைலம் கொடுங்கள். கண்ணாடிக் குப்பி, ஆறு மாதம் வரும், பெரியவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

---

துணி_டயப்பர்_செங்காங் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு: முழுக்கத் துணி என்று பிடிவாதம் வேண்டாம், முழுக்க விடவும் வேண்டாம். எந்த ஊரில் காயும் என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னை, உறவினர் வீடு: துணி. துவைக்க இடமும் மொட்டை மாடிக் கொடியும் உண்டு. ஆனால் டிசம்பர் முதல் பாதியில் அங்கேயும் மழை அடிக்கலாம், விசிறிக்குக் கீழே ஒரு கயிறு கட்ட இடம் பாருங்கள்.
ரயில், விமானம்: ஒருமுறை டயப்பர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.
ஊட்டி: மூன்று நாளும் ஒருமுறை டயப்பர். டிசம்பர் குளிரிலும் ஈரத்திலும் துணி இரண்டு நாளானாலும் நசநசவென்று இருக்கும், அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் புண் வரும்.
மதுரை: பகலில் துணி, இரவில் ஒருமுறை டயப்பர்.

20 மாதக் குழந்தைக்கு நாளுக்கு ஐந்து, ஆறு டயப்பர் என்றால் 12 நாளுக்கு 70 வரை ஆகும். இப்படிப் பிரித்தால் 35, 40ல் நிற்கும். எல்லாவற்றையும் இங்கிருந்து சுமக்க வேண்டாம், பயண நாளுக்கும் முதல் இரவுக்கும் பத்து எடுத்துக்கொண்டு மீதியைச் சென்னையில் வாங்குங்கள்.

துணியில் எதை எடுப்பது என்பது முக்கியம். பல அடுக்கு வைத்துத் தைத்த மூங்கில் நார் பட்டை நிறைய உறிஞ்சும், ஆனால் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். பயணத்துக்குப் பழைய சதுரப் பருத்தித் துணிதான் ராஜா. விரித்துப் போட்டால் ஒற்றை அடுக்கு, மதுரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் மொடமொடப்பாகிவிடும். துணி 12, மேல் உறை 5, ஈரம் கசியாத ஜிப் பை 2. மாமியாரிடம் கொடுத்துப் பாருங்கள், நமக்கு வராத மடிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

துவைக்கும் வரிசை: மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள், அங்கே இருக்கும் கைத் தெளிப்பான் இதற்கென்றே செய்தது போல இருக்கும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு அலசல். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். அடுத்து வெந்நீரில் சோப்பு, கடைசியில் வழுவழுப்புப் போகும் வரை இரண்டு அலசல். வாசனைக்காகப் போடும் மென்மையாக்கி கூடவே கூடாது, அது நூலின் மேல் படிந்து ஈரத்தை உறிஞ்சவிடாது, நேரே வெளியே ஒழுகும்.

ஒருமுறை டயப்பரைச் சுருட்டி ஒட்டி, செய்தித்தாளில் கட்டி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். அங்கே குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் துடைப்பானைக் கழிப்பறையில் போடாதீர்கள், காகிதம் போலத் தெரிந்தாலும் கரையாது. ஈரத் துடைப்பானுக்குப் பதில் பத்து சிறு பருத்தித் துண்டும் ஒரு தண்ணீர்த் தெளிப்பானும் போதும்.

பெரியவர்கள் துணிக்கும் இதே ஊர்க் கணக்கு. ஆளுக்கு நாலு செட், ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அது காய்வதற்குள் ஊர் மாறிவிடும். தொட்டியில் துவைத்ததை நன்றாகப் பிழிந்து, உலர்ந்த குளியல் துண்டின் மேல் விரித்து, பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், விசிறிக்குக் கீழே ஓர் இரவில் காயும். மகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் குதித்துக்கொண்டே செய்வாள். வெளியே சலவைக்குக் கொடுத்தால், ஒவ்வொரு சட்டையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வரும். "உறை வேண்டாம், இந்தப் பையிலேயே போட்டுத் தாருங்கள்" என்று பையோடு கொடுங்கள்.

---

வீவக_தோட்டம் எழுதியது:

எல்லாரும் ஊரைப் பற்றியே எழுதுகிறீர்கள், பூட்டிவிட்டுப் போகும் வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக.

சேமிப்பு வகை வெந்நீர்க் கொதிகலன், இணைய மோடம், தொலைக்காட்சி எல்லாவற்றையும் சுவர் சுவிட்சிலேயே அணையுங்கள். குளிர்பதனப் பெட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். கிளம்ப ஒரு வாரம் முன்பிலிருந்து காய்கறி வாங்குவதை நிறுத்தி, இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். இங்கே தூக்கிப் போடுவது எரிக்கப்பட்டு, சாம்பல் புலாவ் செமக்காவ் குப்பைத் தீவுக்குப் போய்ச் சேருகிறது, அந்த இடமே 2035க்குள் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

முக்கியமானது கொசு. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு நாள் போதும், நீங்கள் போவது 12 நாள். செடிக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று தட்டில் தண்ணீர் நிரப்பி வைப்பதும், பாட்டிலைக் கவிழ்த்துச் செருகித் தட்டில் வழியவிடுவதும் நல்ல எண்ணத்தோடு கொசு வளர்ப்பதுதான். தட்டுகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். மூடியுள்ள வாளியில் தண்ணீர் நிரப்பி, மூடியில் விரல் அளவு துளையிட்டு, பழைய பருத்தி பனியனைத் திரித்து ஒரு முனையை வாளி அடிவரை விட்டு, மறுமுனையைத் தொட்டி மண்ணில் மூன்று விரற்கடை ஆழம் புதையுங்கள். துளையில் இடைவெளி இல்லாமல் துணி அடைத்திருக்க வேண்டும். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், திரியை முதலில் முழுக்க நனைத்துவிட்டுச் செருகுங்கள், காய்ந்த திரி இழுக்காது. கிளம்ப மூன்று நாள் முன்பே வைத்துப் பார்த்தால் மண் சேறாகிறதா, காய்கிறதா என்று தெரிந்துவிடும். சேறானால் திரியை மெலிதாக்குங்கள்.

கழிப்பறை மூடியைக் கவிழ்த்து, குளியலறைத் தரைச் சாக்கடை வாயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு மூடி போடுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் நாற்றம் வரும், மூடாவிட்டால் கொசு வரும்.

---

பொங்கோல்_அம்மா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. திருச்சி வழியாகத் திரும்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இன்றே பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, மாமியார் கேன் தண்ணீரை நம்ப மாட்டார், கொதிக்க வைத்தால்தான் குடிப்பார். இரண்டு, அறையில் துண்டு, சோப்பு, குளியல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

தூக்குச்சட்டி எழுதியது:

மாமியாருக்குக் கேன் தண்ணீரையே கெட்டிலில் கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு கெட்டில், முடிந்தது. அவர் திருப்தியும் முக்கியம், வாதாடி ஜெயித்து என்ன ஆகப் போகிறது.

அறை: வாசலில் "தொந்தரவு செய்யாதீர்" பலகையைத் தொங்கவிட்டால் தினமும் விரிப்பும் துண்டும் மாற்ற வர மாட்டார்கள். குப்பையை நீங்களே கீழே கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சோப்புக் கட்டியைப் பாதியாக வெட்டி டப்பாவில் எடுத்துப் போங்கள், அறையில் உள்ள சிறு சோப்பின் காகிதத்தைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் ஒரு முறைக்குப் பின் குப்பைதான். குளிரூட்டியை 25ல் வையுங்கள். மதுரையில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடவிட்டால் கண்ணாடி வியர்க்கும், மின்சாரமும் போகும்.

குளியலுக்கு ஒரு விஷயம். பல தங்குமிடங்களில் கூரையில் சூரிய வெந்நீர், காலையில் குறிப்பிட்ட நேரம்தான் வரும். குழாயைத் திறந்ததும் சூடான தண்ணீர் கீழே வந்து சேர்வதற்குள் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் போய்விடும். அதை வாளியில் பிடித்துத் துணி அலச வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவர் குளித்ததும் அடுத்தடுத்து எல்லாரும் குளித்துவிட்டால் குழாயில் சூடு இருக்கும், மறுபடி காத்திருக்க வேண்டாம். வாளியும் குவளையும் இருந்தால் ஷவரை விடுங்கள். நிமிடத்துக்கு 9 லிட்டர் போகும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 45 லிட்டர், வாளிக் குளியல் 20 லிட்டரில் முடியும்.

---

ஈசூன்_ரயில் எழுதியது:

சின்னச் சேர்க்கை. இந்தியாவில் உருண்டை முள் பிளக், நம் சதுர முள் நுழையாது. ஒரு மாற்றி, அதில் செருக நம் வீட்டு நீட்டிப்புப் பலகை ஒன்று, அவ்வளவு போதும், ஆளுக்கொரு மாற்றி வாங்காதீர்கள். கெட்டிலை மட்டும் அதில் செருகாமல் நேரே சுவரில் போடுங்கள், சிறு மாற்றிகள் அந்தச் சுமையில் சூடாகி உருகும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

ரயிலுக்கு நொறுக்குத்தீனி இங்கே தேக்காவில் எடைக்கு வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். முறுக்கை அகலமான டப்பாவில், அடியில் துணி விரித்து அடுக்கினால் மேட்டுப்பாளையம் வரை உடையாது.